கடலுள் இறங்கிய இரு பெண்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், மேல்பட்டாம்பாக்கத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பெண்ணையாற்றை அடுத்த ஊர் இது. இங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவு சென்றால் ஆறு முடிந்து கடல் தொடங்கிவிடும். பண்ணுருட்டிக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட இந்நிலத்தாருக்கு நீர் என்பது இருமுகம் கொண்ட தெய்வம். கரும்புக்கும் நெல்லுக்கும் உயிர் கொடுப்பது ஒரு முகம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் தேவனாம்பட்டினம் முதலான குப்பங்களுக்குள் புகுந்தது மற்றொரு முகம். 2011 டிசம்பர் இறுதியில் வந்த தானே புயலும், 2015ஆம் ஆண்டின் பெருமழையும், 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை அடுத்துச் சாத்தனூர் அணை நீர் பெண்ணையில் கரைபுரண்டு வந்ததும் இவ்வவையில் இருப்போர் பலர் கண்ணால் கண்டவை. ஆகவே, ஆண்டுதோறும் புயலால் அலைக்கழிக்கப்படும் ஒரு நாட்டைப் பற்றிய கதையை இவ்வூரில் எவரும் வேற்று நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட இயலாது.

அத்தகைய கதை ஒன்றைப் பற்றியதே இன்றைய உரை. கொரியத் தொன்மத்தை அடியொற்றி, இளையோருக்கென எழுதப்பட்ட கற்பனைக் காதற் புதினம் அது. சங்கப் பாடலும் சிற்றிதழ்க் கவிதையும் பேசப்பட்டுவந்த மேடையில் இதற்கு என்ன இடம் என்று மூத்தோர் சிலர் எண்ணக்கூடும். அவ்வையத்திற்கு விடை உரையின் முடிவில் கிடைக்கும். அவ்விடையில் பரணர் இருக்கிறார் என்பதை மட்டும் முன்னரே சொல்லிவைக்கலாம்.

சிம் சொங் என்னும் மகள்

கொரிய மக்களின் கதைப்பாடற் கலைக்குப் பன்சோரி என்று பெயர். பாடுபவர் ஒருவர்; முழவு கொட்டுபவர் ஒருவர். பாடுபவர் கையில் ஒரு விசிறி. அவ்விசிறியே ஒரு காட்சியில் துடுப்பாகும், மற்றொன்றில் ஊன்றுகோலாகும். கதை முழுவதையும் பாடி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். முழவுக்காரரும் அவையோரும் இடையிடையே குரல் கொடுத்துப் பாடுபவரை ஊக்குவர். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் ஆமாம் போடுவதைக் கேட்டவர்களுக்கும், இம்மாவட்டத்தின் தெருக்கூத்தில் கட்டியக்காரன் கதையைத் தாங்கிச் செல்வதைக் கண்டவர்களுக்கும் இது புதிதாகத் தோன்றாது. பன்னிரண்டாக இருந்த பன்சோரிக் கதைகளுள் இன்று பாடப்படுவன ஐந்து. 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனிதகுலத்தின் அரிய மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

அவ்வைந்தனுள் ஒன்று சிம் சொங்கின் கதை. கண்ணற்ற தந்தைக்கு ஒரே மகள். தாய் அவளை ஈன்ற சில நாட்களில் இறந்தாள். புத்தர் கோயிலுக்கு முந்நூறு மூட்டை அரிசி கொடுத்தால் பார்வை மீளும் என்னும் சொல்லை நம்பிய தந்தை, கையில் ஒரு படி அரிசியும் இல்லாத நிலையில் வாக்களித்துவிடுகிறார். இந்தாங்சு என்னும் கொந்தளிக்கும் கடற்பகுதியைக் கடக்க வேண்டிய வணிகர்கள், கடலுக்குப் பலியிட ஓர் இளம்பெண்ணை விலைக்குத் தேடுகிறார்கள். சிம் சொங் தன்னை விற்று, அரிசியைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுக் கடலில் பாய்கிறாள். கடலடியில் இருக்கும் நாகவேந்தன் அவளைப் போற்றித் தாமரை மலர் ஒன்றினுள் வைத்து மேலே அனுப்புகிறான். அம்மலர் அரசனிடம் சேர, அவள் அரசியாகிறாள். நாட்டிலுள்ள பார்வையற்றோர் அனைவருக்கும் விருந்து வைத்துத் தந்தையைக் கண்டுபிடிக்கிறாள். மகளின் குரலைக் கேட்ட கணத்தில் தந்தையின் கண் திறக்கிறது.

பெற்றோர்க்குச் செய்யும் கடனைத் தலையாய அறமாகக் கொண்ட சமூகம் இக்கதையை நூற்றாண்டுகளாகக் கண்ணீரோடு கேட்டு வந்திருக்கிறது. அழகிய கதைதான். எனினும் அதன் நடுவில் கேட்கப்படாத வினா ஒன்று கிடக்கிறது. கப்பல் ஓட்டுபவர்கள் ஆண்கள். வணிகத்தின் ஊதியம் அவர்களுக்கு. வாக்குக் கொடுத்தவர் தந்தை. கடலுக்குள் போகிறவள் மட்டும் ஏன் பதினைந்து வயதைக் கடந்தும் கடவாத ஒரு சிறுமி?

மாற்றாகக் குதித்தவள்

அமெரிக்காவில் வாழும் கொரிய வழியினரான ஆக்ஸி ஓ என்னும் எழுத்தாளர், 2022ஆம் ஆண்டில் அவ்வினாவை எழுப்பி ஒரு புதினம் எழுதினார். ஆங்கிலத்தில் வெளிவந்த அந்நூலின் பெயரைத் தமிழில் 'கடலின் கீழ் விழுந்த பெண்' எனலாம். சிம் சொங்கின் கதையே அடிப்படை. ஆனால் சிம் சொங் அதன் தலைவி அல்லள். இங்குதான் நூலாசிரியரின் திறம் விளங்குகிறது.

பல தலைமுறைகளாகப் புயலாலும் வெள்ளத்தாலும் சிதையும் ஒரு நாடு. முன்பு காத்து நின்ற கடல்தெய்வமே சினந்துவிட்டது என்று மக்கள் நம்புகிறார்கள். ஆண்டுக்கு ஒரு பெண்ணைக் கடல்தெய்வத்தின் மணமகளாக அலங்கரித்து அலையில் விடுகிறார்கள். உண்மையான மணமகள் ஒருத்தி என்றேனும் போய்ச் சேர்வாள், புயல் ஓயும் என்பது நம்பிக்கை. இவ்வாண்டின் மணமகள் பேரழகியான சிம் சொங். அவள்மீது காதல் கொண்டவன், தடுப்பவர்க்கு மரணம் என்று தெரிந்தும் படகில் பின்தொடர்கிறான். அவனுடைய தங்கை மீனா. தமிழ்ச் செவிக்கு மீனின் பெயராகவே ஒலிக்கும் அப்பெயர் கடற்கதைக்குப் பொருத்தமாக அமைந்தது தற்செயலே. அண்ணனும் அவன் காதலியும் உயிர் பிழைக்க வேண்டுமென்று, எவரும் அழைக்காமலே, மணமகளுக்கு மாற்றாக மீனா கடலில் குதிக்கிறாள்.

கடலடியில் ஆவிகளின் நகரம் ஒன்று. விளக்குகளும் வாய்க்கால்களும் மாளிகைகளும் நிறைந்த அந்நகரில் சிறு தெய்வங்களும் விந்தை விலங்குகளும் இறந்தோரின் ஆவிகளும் உலவுகின்றன. அங்கே கடல்தெய்வம் மாயத் துயிலில் கிடக்கிறது. விதியின் சிவப்பு நூல் ஒன்று தன் கையைத் தெய்வத்தோடு பிணைத்திருப்பதை மீனா காண்கிறாள். ஷின் என்னும் இளைஞன் அந்நூலை அறுக்கிறான். அவளது குரல் பறவையாகிப் பிரிந்துபோகிறது. மனிதப் பிறவி அவ்வுலகில் நெடுநாள் தங்க இயலாது. குறுகிய காலத்துள் துயிலைக் கலைக்க வேண்டும். புயலின் காரணத்தை அறிய வேண்டும். அத்தேடலின் ஊடே மீனாவுக்கும் ஷின்னுக்கும் காதல் அரும்புகிறது. பாட்டியிடம் கேட்ட பழங்கதைகளே அவளுக்குத் துணையும் ஆயுதமும். முடிவை இங்கு அவிழ்ப்பது படிக்கவிருப்போர்க்குச் செய்யும் தீங்காகும். ஒன்று மட்டும் சொல்லலாம். தெய்வத்திடம் தன்னை ஒப்படைக்கச் சென்றவள், "எங்கள் மக்களை ஏன் கைவிட்டீர்?" என்று கேட்க வந்தவளாக மாறுகிறாள். பலிப்பொருளுக்கு வாய் முளைத்துவிடுகிறது. பறிபோன குரலை மீட்பதே கதையின் தொடக்கமாக அமைந்ததன் பொருளும் அதுவே.

இளையோர் புதினம் என்றால் மாயமும் மையலும் மட்டுமே என்று கருதும் வழக்கம் தமிழாசிரியர்களிடையே உண்டு. கல்லூரி மாணவியர் கொரியத் தொடர்களைக் கைப்பேசியில் தமிழ்க் குரலில் பார்த்துக் கண்ணீர் விடுவதை நகையாடுவோரும் உளர். அவர்கள் எதைத் தேடி அங்குச் செல்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நன்று. தம் வயதுடைய ஒருத்தி தன் வாழ்வைத் தானே முடிவு செய்யும் கதையைத் தேடித்தான் பலர் செல்கிறார்கள். அப்படிப்பட்ட கதை தமிழில் இல்லையா என்பதே அடுத்த வினா.

உறவு எங்கே இருக்கிறது?

தமிழுக்கும் கொரியத்துக்கும் உறவு பேசுவது இன்று பரவலாகிவிட்டது. அம்மா, அப்பா என்னும் சொற்களின் ஒலியொற்றுமையை எல்லோரும் எடுத்துக்காட்டுவர். ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905ஆம் ஆண்டிலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் எழுதினார். 13ஆம் நூற்றாண்டில் இரியோன் என்னும் புத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யுசா' என்னும் நூல், பொது ஆண்டு 48இல் அயுத்த நாட்டு இளவரசி ஒருத்தி கப்பலேறி வந்து கயா நாட்டு அரசன் சுரோவை மணந்தாள் என்று கூறுகிறது. அவள் பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். கடலின் சினம் தணியக் கல்லால் ஆன தூபி ஒன்றைக் கப்பலில் ஏற்றிவந்தாள் என்பதும் அக்கதை. அயுத்தம் என்பது அயோத்தி என்பார் ஒரு சாரார். தென்குமரி ஆய்நாடு என்பார் மற்றொரு சாரார். அயோத்தியில் 2001ஆம் ஆண்டு அவளுக்கு நினைவிடமும் அமைக்கப்பட்டது.

ஆயினும் ஆய்வு நெறி பேணுவோர் இங்கே நிதானம் காட்ட வேண்டும். ஒலியொற்றுமை மொழியுறவாகாது; ஹல்பர்ட்டின் கருத்தை இன்றைய மொழியியலார் ஏற்கவில்லை. நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் நூல் எழுந்த காலத்துக்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் உள்ளன. அரசி எந்த ஊரினள் என்று வாதிடுவதில் செலவாகும் ஆர்வத்தில் ஒரு பங்கு, கதைகளை அருகருகே வைத்துப் படிப்பதில் செலவானால் பயன் மிகுதி. குருதியுறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கடலருகே வாழும் மக்கள் ஒரே அச்சத்தினின்று கதை செய்கிறார்கள். அவ்வுறவுக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

நம் கரையின் கதைகள்

கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டவர் ஒருவரின் கதை இம்மாவட்டத்துக்கே உரியது. பண்ணுருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர் அவர். கல் தெப்பமாகி அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்த்தது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அவர் ஏறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பம் இன்றும் பெயர் தாங்கி நிற்கிறது. சிம் சொங்கைத் தாமரை ஏந்தியது. கொரிய அரசியின் கப்பலைக் கல் காத்தது. நாவரசரைக் கல்லே ஏந்தியது. கடலுக்குக் கொடுக்கப்பட்டவர் திரும்பி வருவார் என்னும் நம்பிக்கை, கடலில் உறவுகளை இழந்த கரைகள் அனைத்திலும் முளைப்பது.

மாசி மகத்தன்று பாடலீசுவரர் தேவனாம்பட்டினக் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். சுற்றிலுமுள்ள ஊர்த் தெய்வங்களும் அங்கே வந்து கூடுகின்றன. சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் வருகிறார். அவரை அங்குள்ள முசுலிம் மக்கள் மரியாதை செய்து வரவேற்கும் வழக்கம் தமிழ்நாடறிந்தது. ஆண்டுக்கு ஒருநாள் தெய்வத்தைக் கடலில் நீராட்டி அழைத்துவரும் கரை இது. கடலோடு பேச இக்கரையினர் கண்ட வழி, பலியைவிட மென்மையானது.

எனினும் பலிக்கும் மணத்துக்கும் முடிச்சுப் போட்ட கதை இப்பகுதியில் இல்லாமல் இல்லை. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில் சித்திரை முழுநிலவை ஒட்டி அதனை ஆண்டுதோறும் காணலாம். பாரதப் போரில் பாண்டவர் வெல்லக் களப்பலியாக வேண்டியவன் அரவான். மணம் முடியாமல் சாக அவனுக்கு விருப்பமில்லை. மறுநாள் சாகப் போகிறவனுக்குப் பெண் கொடுப்பார் இலர். கண்ணனே மோகினியாகி ஓரிரவு மனைவியாகிறான். அவ்விரவை நினைந்து திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் தாலியறுத்து வெள்ளுடுத்தி அழுவதும் கூவாகத் திருவிழா. கொரியக் கதையில் பலியாகிறவள் மணமகள். இங்கே பலியாகிறவன் மணமகன். இரண்டிலும் பெரியவர்கள் தொடங்கிய போரையோ வணிகத்தையோ காப்பாற்ற இளம் உயிர் ஒன்று கேட்கப்படுகிறது. ஆயினும் அரவான் ஒரு வரமாவது கேட்டான். கேட்கும் உரிமை அவனுக்கு இருந்தது.

சினந்த கடலும் அறுந்த நூலும்

மணிமேகலைக் காப்பியம் கடற்சினத்துக்குச் சொல்லும் காரணம் எண்ணிப் பார்க்கத் தக்கது. நாகநாட்டு இளவரசி பீலிவளை, சோழன் நெடுமுடிக்கிள்ளியோடு ஒரு திங்கள் கூடியிருந்து, சொல்லாமல் பிரிந்து செல்கிறாள். ஈன்ற மகனைக் கம்பளச் செட்டியின் கப்பலில் தந்தையிடம் அனுப்புகிறாள். கப்பல் உடைகிறது. மகனைத் தேடி அரற்றும் மன்னன் இருபத்தெட்டு நாள் இந்திர விழாவை மறக்கிறான். மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் புகாரைக் கடல் கொள்கிறது. ஒரு காதலின் முறிவு, ஒரு குழந்தையின் இழப்பு, ஒரு தந்தையின் துயரம் ஆகியவை ஒன்றையொன்று தொடர்ந்து வந்து ஒரு நகரையே மூழ்கடிக்கின்றன. ஆக்ஸி ஓவின் புதினத்திலும் புயலின் வேரில் தெய்வக் கொடுமையைக் காட்டிலும் ஆழமான துயரமே இருக்கிறது.

அக்காப்பியத்தின் தலைவியும் கடல் கடந்து எடுத்துச் செல்லப்பட்டவளே. உவவனத்தில் துயின்றவளை மணிமேகலா தெய்வம் மணிபல்லவத் தீவில் வைத்துவிடுகிறது. அங்கே அவள் தன் பழம்பிறப்பை அறிகிறாள். தன்னைத் தொடரும் உதயகுமரன் முற்பிறப்பில் கணவனாக இருந்த இராகுலன் என்று தெரிந்துகொள்கிறாள். கிழக்காசியக் கதைகளில் சிவப்பு நூல் செய்யும் வேலையைத் தமிழ்க் காப்பியத்தில் பழம்பிறப்பு செய்கிறது. மணிமேகலையின் நெஞ்சம் அவன்பால் சென்றதைச் சாத்தனார் மறைக்கவில்லை. ஆயினும் அவள் அந்நூலைத் தானே அறுத்துக்கொண்டு, அமுதசுரபியைக் கையில் ஏந்திப் பசிப்பிணி தீர்க்கப் புறப்படுகிறாள். மாயத்தீவும் வானில் பறக்கும் மந்திரமும் உருமாற்றமும் காதலும் துறவும் நிறைந்த அக்காப்பியம், பதின்பருவத்துப் பெண் ஒருத்தியின் கதை. அதனை மதிப்பெண்ணுக்குரிய செய்யுட் பகுதியாக மட்டும் இளையோர் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் கொரியக் கதையை நாடுகிறார்கள் என்று குறைகூறுவதில் பொருளில்லை.

மருதி

இனிப் பரணர். ஆதிமந்தியின் கதையை அறியாதார் இவ்வவையில் இலர். காதலன் ஆட்டனத்தி கழார் என்னும் துறையில் புனல்விழாவில் ஆடுகிறான். அவன் அழகில் மயங்கிக் காவிரி அவனைக் கவர்ந்து செல்கிறது. கொரியக் கடல்தெய்வம் ஆண். அதற்குப் பெண் வேண்டும். நம் ஆறு பெண். அது விரும்பியது ஓர் ஆடவனை. ஆதிமந்தி ஊரூராகவும் நாடுநாடாகவும் தேடிச் செல்கிறாள். ஆதிமந்தியார் பெயரிலேயே குறுந்தொகையில் ஒரு பாடல் உண்டு. தேடுபவளும் கூத்தாடுபவள், தேடப்படுபவனும் கூத்தாடுபவன் என்று அப்பாடல் காட்டுகிறது. அகநானூற்றில் பரணர் மீண்டும் மீண்டும் இவள் துயரை உவமையாக ஆள்கிறார்.

கதையின் முடிவு இரு நூல்களில் இரு வகையாக உள்ளது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி, தன் ஊர்ப் பத்தினிப் பெண்களை வரிசைப்படுத்தும்போது கரிகாலன் மகளாகிய இவளையும் சொல்கிறாள். அங்கே கடலே காதலனை இவள்முன் கொணர்ந்து காட்டுகிறது. இவள் தழுவிக்கொண்டு மீள்கிறாள். கற்பின் ஆற்றலுக்குக் கடல் பணிந்தது என்பது அதன் கருத்து. அகநானூற்றின் 222ஆம் பாடலில் பரணர் வேறொன்று சொல்கிறார். ஆதிமந்திக்கு அவள் காதலனைக் காட்டிக் கொடுத்தவள் மருதி என்னும் ஒருத்தி. காட்டிவிட்டு அவள் கடலுள் புகுந்தாள். அவளது புகழ் பாடற்குரியது என்றும் பரணர் குறிக்கிறார். அவ்வளவே. ஓர் அடியும் சில சொற்களும்.

மருதி யார்? கடற்கரைப் பெண்ணா? ஆட்டனத்தியை அலையினின்று மீட்டு அவன்பால் அன்பு கொண்டவளா? கடல்தெய்வத்தின் சாயலா? உரைகாரர்களும் பிற்காலக் கவிஞர்களும் ஆளுக்கொரு விடை கண்டிருக்கிறார்கள். பாரதிதாசன் இக்கதையைச் 'சேரதாண்டவம்' என்னும் நாடகமாக்கினார். கண்ணதாசன் 'ஆட்டனத்தி ஆதிமந்தி' என்னும் பெயரில் எழுதினார். 1960இல் வந்த 'மன்னாதி மன்னன்' திரைப்படமும் இக்கதையினின்று பிறந்ததே. ஆக இது தமிழர் மறந்துவிட்ட கதையன்று. இருபதாம் நூற்றாண்டிலும் மேடையேறிய, திரையேறிய கதை. ஆயினும் அதன் பெயரும் பெருமையும் சேர்ந்தவர்க்கே சென்றன. சேர்த்துவைத்தவள் ஓரத்திலேயே நின்றாள்.

இப்போது மீனாவை மருதியின் அருகில் நிறுத்திப் பார்க்கலாம். சிம் சொங் ஆதிமந்தியைப் போன்றவள். பாடல் பெற்றவள், அழகி, காதலால் புகழடைந்தவள். மீனா மருதியைப் போன்றவள். வேறு இருவர் சேர்ந்து வாழத் தான் நீருள் இறங்கியவள். கொரியப் பழங்கதையில் மீனா என்றொருத்தி இல்லை. ஆக்ஸி ஓ அவளைப் படைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. தமிழில் அவள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பெயரோடு இருக்கிறாள். பரணர் அவளைக் கண்டார். பாடற்குரியவள் என்று அடையாளமும் இட்டார். அடிகளார் காப்பியத்தில் அவளுக்கு இடமில்லாமற் போயிற்று. கடலே காதலனைத் தந்தது என்று சொல்லிவிட்டால், ஒரு பெண்ணுக்குப் பட்ட கடன் இல்லாமற் போகிறது.

மீனாவின் கதையில் நூலாசிரியர் செய்தது மிக எளிய செயல். கரையில் காதலர் கைகோத்துத் திரும்பும்போது பழங்கதை அவர்களோடு ஊருக்குத் திரும்பிவிடும். இவரோ அவர்களை விட்டுவிட்டு, குதித்தவளைப் பின்தொடர்ந்து நீருள் இறங்கினார். அங்கே அவளுக்கு ஒரு நகரம் இருந்தது, பசி இருந்தது, சினமும் காதலும் இருந்தன. பிறருக்காக உயிர் கொடுப்பது உயர்ந்தது என்பதை நூல் மறுக்கவில்லை. உயிர் கொடுக்க முன்வந்தவளுக்கும் வாழ்வில் விருப்பம் உண்டு என்பதை மறக்காமல் சொல்கிறது.

இது கதைக்குள் அடங்கும் செய்தி மட்டும் அன்று. ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையோர ஊர்களில், படிப்பை முடிக்காத பெண்பிள்ளைகளை அவசரமாக மணம் முடித்துக் கொடுத்த நிகழ்ச்சிகள் பதிவாகியுள்ளன. தாயை இழந்த குழந்தைகளுக்குத் தாய் வேண்டும், மனைவியை இழந்த வீட்டுக்கு விளக்கேற்ற ஆள் வேண்டும், நாளை என்ன நேருமோ என்னும் அச்சம் வேறு. சொன்ன காரணங்கள் எவையும் பொய்யல்ல. கொடுத்தவர்களும் கொடியவர்கள் அல்லர், இழப்பில் உடைந்தவர்கள். ஆயினும் புயலுக்குப் பின் ஒரு பெண் மணமகளாக்கப்படுகிறாள் என்னும் கதை, அலங்காரமும் நாகவேந்தனும் இல்லாமல், நம் கரையிலேயே நடந்திருக்கிறது. அவளிடம் கேட்டவர் எத்தனை பேர்? சிம் சொங்கின் கதையைக் கேட்டுக் கண்ணீர் விடுவது எளிது. கண்முன் நிற்கும் சிம் சொங்கிடம் "உனக்கு விருப்பமா?" என்று கேட்பது அரிது.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அவையீர்! பத்தாண்டுக்கால வட்டம் தன் விழா மலரில் தன் பெருமையை எழுதிக்கொள்வதில் தவறில்லை. அதனோடு இனிச் செய்ய வேண்டிய பணி ஒன்றையும் எழுதிவைக்கலாம். மருதியின் பாடல் இன்னும் எழுதப்படவில்லை. அவள் ஏன் கடலுள் புகுந்தாள் என்று அவள் வாயால் தமிழ் கேட்டதில்லை. ஆதிமந்தி பின்னாளில் அவளை நினைத்தாளா, காவிரி கடலோடு கலக்கும் துறையில் ஆண்டுக்கொரு முறையேனும் வந்து நின்றாளா என்பதும் சொல்லப்படவில்லை. பீலிவளை சோழனைச் சொல்லாமல் பிரிந்த காரணம் எழுதப்படவில்லை. ஓரிரவு மனைவியான மோகினியின் விடியல், அதனை ஆண்டுதோறும் வாழ்ந்து காட்டும் திருநங்கையரின் சொல்லில், போதிய அளவு ஏட்டில் ஏறவில்லை.

இவற்றை எழுதும்போது இரு எச்சரிக்கைகள் வேண்டும். பழைய புலவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுதல் கூடாது. பரணரின் அடி அடியாகவே இருக்கட்டும், அதன் பக்கத்தில் புதிய பாடல் நிற்கட்டும். மற்றொன்று, இளையோருக்கு எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு அறிவுரை எழுதுதல் கூடாது. ஆக்ஸி ஓவின் நூலை இளம்பெண்கள் விரும்பிப் படிக்கக் காரணம், அது அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. ஒரு நகரத்தைக் காட்டியது, ஒரு கையைப் பற்ற வைத்தது, அச்சமூட்டியது, சிரிக்க வைத்தது. வினாவைக் கதையின் உள்ளே வைத்து, விடையை அவர்களிடமே விட்டது. காதற்கதை எழுதுவது இழிவென்று கருதிய மொழி தமிழன்று. அகத்திணையில் பாடுவதற்கு நானூறு நானூறாகத் தொகை செய்த மொழி இது.

மூத்தோர் எழுப்பக்கூடிய ஐயத்திற்கு இதுவே விடை. பிற நாட்டார் கதையைப் படிப்பதால் நம் கதை மறைந்துபோகாது. மீனாவைப் படித்த பிறகு அகநானூற்றைத் திறந்தால், அதுவரை கண்ணில் படாமல் ஓரத்தில் நின்ற மருதி நடுவில் வந்து நிற்கிறாள். தூரத்து விளக்கு நம் வீட்டு மூலையில் ஒளி வீசினால், அங்கே இருந்தவளை அடையாளம் காண்பதே முறை.

இங்கிருந்து புறப்படும் பெண்ணைநீர் கடலூருக்கு வடக்கே தாழங்குடா அருகே கடலில் கலக்கிறது. இவ்வட்டத்தின் இளங்கவிஞர் எவரேனும் ஒரு மாலைப்பொழுதில் அங்கே சென்று நிற்க வேண்டும். ஆற்றுநீர் எது, கடல்நீர் எது என்று பிரித்தறிய முடியாத அவ்விடத்தில் மருதியை நினைக்க வேண்டும். பதினோராம் ஆண்டு விழாவில் அவள் பாடலை இம்மேடையில் படிக்க வேண்டும். பாடற்குரியவள் என்று பரணர் சொல்லிச் சென்ற சொல்லுக்கு ஈராயிரம் ஆண்டு கழித்தேனும் ஒரு பாடல் கிடைக்கட்டும்.